மகிழுந்துப் பின்பெட்டி நீர்க்கசிவு

மகிழுந்துப் பின்பெட்டி நீர்க்கசிவு என்பது மழைநீரோ கழுவும் நீரோ மகிழுந்தின் பின்புறச் சுமைப்பெட்டிக்குள் இறங்கித் தேங்கும் பழுதாகும். தமிழ்நாட்டில் இப்பெட்டி பேச்சுவழக்கில் டிக்கி எனப்படுகிறது. டிக்கி மூடியின் மீதோ, ஹேட்ச்பேக் வகை வண்டிகளில் பின்கதவின் உச்சியிலோ பொருத்தப்படும் ஸ்பாய்லர் இக்கசிவுக்கு வழக்கமான வாயில்களுள் ஒன்று. நீர் தென்படும் இடமும் நீர் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருப்பது இப்பழுதின் முதன்மையான இயல்பு ஆகும். நுழையும் இடத்தைக் காணாமல் பசை பூசினால் கசிவு நிற்பதில்லை. நீரின் தடம் மட்டும் மாறுகிறது.

நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் கசிவு பார்வைக்கு அற்பமானது. ஒரு துளி 0.05 மில்லிலிட்டர் எனக் கொண்டால், பத்து மணிநேர இரவு மழையில் ஏறத்தாழ 1.8 லிட்டர் நீர் உள்ளே சேரும். தரைவிரிப்பின் அடியிலுள்ள நுரை மெத்தை அதை உறிஞ்சிக்கொள்வதால் மேற்பரப்பு ஈரமாகத் தோன்றாது. ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரத்தை எடுக்க நேரும் நாளில்தான் பலர் அதன் குழியில் நீர் நிற்பதைக் காண்கின்றனர்.

பருவமும் இடமும்

திருநெல்வேலியிலும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் மகிழுந்து ஓர் ஆண்டில் மூன்று விதமான சோதனைகளுக்கு உட்படுகிறது. பங்குனி முதல் வைகாசி வரை கடும் வெயில் ரப்பரை இறுகச் செய்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வீசும் வறண்ட காற்று புழுதியைக் கிளப்புகிறது. அக்காலத்தில் தென்மேற்குப் பருவமழை குற்றாலத்திலும் பாபநாசம் மலைகளிலும் பெய்யுமேயன்றிப் பாளையங்கோட்டைச் சமவெளிக்கு அதிகம் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, வெயிலில் இறுகிப்போன ரப்பரின் குறை வெளிப்படுகிறது. எனவே மழைக்காலத்தில் காணப்படும் கசிவு பெரும்பாலும் கோடையில் உண்டானதே.

ஆடிக்காற்றுப் புழுதியால் ஒரு பயனும் உண்டு. டிக்கியைத் திறந்து அதன் வாய் விளிம்பைப் பார்க்கையில், ரப்பர் பட்டையைக் கடந்து உட்புறம் புழுதிக் கோடு விழுந்திருந்தால் அவ்விடத்தில் காற்று நுழைகிறது என்று பொருள். புழுதி வந்த வழியே ஐப்பசியில் நீரும் வரக்கூடும். மழை வருமுன்னே செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இது.

மரநிழலும் கவனத்திற்குரியது. வேப்பமரத்தடியில் நிறுத்தப்படும் வண்டிகளில், பின்கண்ணாடிக்கும் டிக்கி மூடிக்கும் இடையிலுள்ள நீர்வடிகாலில் பூவும் சருகும் சேர்ந்து, புழுதியுடன் குழைந்து அடைப்பாகின்றன. இவ்வடிகால் டிக்கி வாயைச் சுற்றி இருபுறமும் இறங்கிப் பம்பர் அருகே நீரை வெளியேற்றுவதற்காக அமைந்தது. அடைபட்டால் நீர் மட்டம் உயர்ந்து ரப்பர் பட்டையின் மேல் வழிந்து உள்ளே விழும். இந்நிலையில் ரப்பரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை; பழைய பல் துலக்கி ஒன்றே போதும்.

வண்டி நிற்கும் சாய்வும் கசிவை மாற்றும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை நோக்கி ஏறும் மலைப்பாதை போன்ற சரிவுகளில் மூக்கு கீழ்நோக்க நிறுத்தப்பட்ட வண்டியில், வடிகால் நீர் பின்னோக்கி இறங்காமல் மூடியின் கீல் பக்கமாகத் தேங்குகிறது. சமதளத்தில் ஒரு துளியும் ஒழுகாத வண்டி அங்கே ஒழுகினால், கீலருகே உள்ள மூலைகளை முதலில் ஐயுற வேண்டும்.

ஸ்பாய்லரும் அதன் துளைகளும்

ஸ்பாய்லர் என்பது வண்டியின் மேல் ஓடிவரும் காற்றோட்டத்தைப் பின்விளிம்பில் கலைத்து, பின்பகுதியை மேலே தூக்கும் விசையைக் குறைக்கும் தகடு ஆகும். 1961ஆம் ஆண்டில் ஃபெராரி பந்தய வண்டியில், ஓட்டுநர் ரிச்சி கிந்தரின் பங்களிப்புடன் இது அறிமுகமானதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. சாலை வண்டிகளில் 1972இல் வெளிவந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 வண்டியின் 'வாத்துவால்' புகழ்பெற்றது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது 80 கி.மீ. வேகத்தில் உள்ளதன் நான்கில் ஒரு பங்கே. திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து வண்ணார்பேட்டை வரை நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு ஸ்பாய்லர் பெரும்பாலும் அணிகலனே. எனினும் அந்த அணிகலனுக்காக மூடியில் இடப்படும் துளைகள் வேகத்தைப் பொறுத்தவை அல்ல. நின்ற வண்டியிலும் நீரை உள்ளே விடும்.

ஸ்பாய்லர் இரு முறைகளில் பொருத்தப்படுகிறது. முதலாவது முறையில், தகட்டில் துளையிட்டு, ஸ்பாய்லரின் அடியில் பதித்த மரைத் தண்டுகளை அத்துளைகளில் இறக்கி உட்புறம் நட்டு முடுக்கப்படும். இரண்டாவது முறையில், இருபுறமும் ஒட்டும் நாடாவால் மட்டும் ஒட்டப்படும். பின்னதில் தண்டுத் துளைகள் இல்லை. ஆனால் ஸ்பாய்லரில் பிரேக் விளக்கு இருப்பின் மின்கம்பிக்காக ஒரு துளையேனும் இருக்கும்.

தொழிற்சாலையில் இடப்படும் துளைகள் வண்ணப்பூச்சுக்கு முன்பே இடப்படுகின்றன. ஆகவே துளையின் விளிம்பும் துருத்தடுப்புப் பூச்சைப் பெறுகிறது. வண்டி வாங்கிய பின்பு அலங்காரப் பொருள் கடையில் டிரில் கொண்டு இடப்படும் துளையின் விளிம்போ வெறும் இரும்பு. அவ்விளிம்பில் தொட்டுவைக்கச் சிறிது வண்ணமும் ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். அது செய்யப்படாதபோது துரு அங்கே தொடங்கி, வண்ணத்தின் அடியில் கொப்புளமாகப் பரவி, வாஷர் அமரும் பரப்பையே அரித்துவிடுகிறது.

ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் நுரையாலோ ரப்பராலோ ஆன வாஷர் வைக்கப்படும். இது தேய்வதற்கு வெயிலின் நேரடித் தாக்குதல் மட்டும் காரணமன்று. ஏபிஎஸ் என்னும் நெகிழியால் ஆன 1.2 மீட்டர் நீள ஸ்பாய்லர், வெப்பநிலை 40 பாகை செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ 4 மி.மீ. நீள முயலும். அதே உயர்வில் அதே நீள எஃகுத் தகடு சுமார் 0.6 மி.மீ. மட்டுமே நீளும். இவ்வேறுபாடு நாள்தோறும் தண்டுகளைத் துளைக்குள் இழுத்தும் தள்ளியும் அசைப்பதால், நசுங்கிய நுரை மீண்டெழும் தன்மையை இழக்கிறது. பின்னர் தண்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் நீர் நுண்புழை ஈர்ப்பால் இறங்குகிறது.

இறங்கிய நீர் நேராகப் பெட்டிக்குள் விழுவதில்லை. டிக்கி மூடி என்பது வெளித்தகடும் உட்சட்டமும் விளிம்பில் மடித்து இணைக்கப்பட்ட ஒரு குழிவான அமைப்பு. நீர் வெளித்தகட்டின் அடிப்பரப்பை ஒட்டியே ஓடி, மடிப்பில் சேர்ந்து, சட்டத்தின் ஏதேனும் ஒரு துளை வழியாகச் சொட்டுகிறது. மழை நின்ற பின் மூடியைத் தூக்கும்போது உள்ளிருந்து நீர் கொட்டினால், அது மூடிக்கு உள்ளேயே புகுந்த நீராகும். ஸ்பாய்லர் துளை, பிரேக் விளக்கு, பூட்டின் சாவித்துளை, வணிகச் சின்னம் பொருத்திய துளை ஆகியவை அப்போது ஐயத்துக்குரியவை. மூடி உலர்ந்திருந்து குழி மட்டும் நனைந்திருந்தால் ஸ்பாய்லரைக் கழற்றுவது பெரும்பாலும் வீண்வேலை.

ஹேட்ச்பேக் வண்டிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. பின்கண்ணாடியைக் கழுவும் நீரைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் கூரையின் உட்புறமாகச் சென்று, பல வண்டிகளில் ஸ்பாய்லரின் அருகே முடிகிறது. அது இணைப்பில் கழன்றாலோ விரிசலுற்றாலோ, துடைப்பான் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நீர் உள்ளே கொட்டும். நனைந்த இடத்தில் சோப்பு மணம் வந்தால் அது மழைநீர் அன்று.

பிற வழிகள்

டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை பட்டறைகளில் பீடிங் எனப்படுகிறது. கிழிந்த பீடிங் கண்ணுக்குத் தெரியும். இறுகிய பீடிங் தெரியாது. பின்விளக்குகளின் பின்னாலுள்ள நுரைச் சட்டமும் அடிக்கடி பழுதாகும். பம்பருக்குப் பின்னே, பொதுவாக இரு பக்கங்களிலும், கதவை அறைந்து மூடும்போது உட்காற்று வெளியேறுவதற்கான துவாரங்கள் ரப்பர் மடல்களுடன் உள்ளன. மடலில் சேறு படிந்து திறந்தபடி நின்றால், பின்சக்கரம் வாரியிறைக்கும் நீர் அதன் வழியே ஏறும். கூரை வானலைக்கம்பியின் அடி வளையம், பின்கண்ணாடியின் ஒட்டுப்பசை, சன்ரூஃப் உள்ள வண்டிகளில் அதன் வடிகுழாய் ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

பின்னால் மோதப்பட்டு டிங்கரிங் செய்யப்பட்ட வண்டி தனி வகை. தொழிற்சாலையில் தகடுகளின் இணைப்பு நெடுகப் பூசப்பட்ட அடைப்புப் பசை, சுத்தியலால் தட்டும்போது உடைந்துவிடும். பட்டி பூசி வண்ணமடித்ததும் வெளியே பளபளக்கும். உள்ளே இணைப்பு திறந்தே இருக்கும். விபத்துக்குப் பின் தொடங்கிய கசிவெனில் முதலில் அவ்விணைப்புகளையே பார்க்க வேண்டும்.

கண்டறிதல்

தரைவிரிப்பு, ஸ்டெப்னி, பக்கவாட்டு மறைப்புகள், மூடியின் உட்புற மறைப்பு ஆகிய அனைத்தையும் எடுத்துவிட்டு, உட்புறத்தைத் துணியால் ஒற்றி முற்றிலும் உலர்த்துவது முதல் வேலை. இதைத் தவிர்த்தவர்கள் பழைய ஈரத்தைப் புதிய கசிவாக எண்ணி ஏமாறுகின்றனர். உலர்ந்த தகட்டின்மேல் முகப்பவுடரை மெல்லத் தூவினால், ஓடும் நீர் அதில் தன் தடத்தைக் கோடாக வரைந்துவிடும்.

பின்னர் தோட்டக் குழாயால், பீய்ச்சாமல், நீரை மெதுவாக வழியவிட வேண்டும். இங்கு வரிசை மிக முதன்மையானது: கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். பம்பர் மட்டம், பின்விளக்கு, டிக்கி வாய், ஸ்பாய்லர், பின்கண்ணாடி, கூரை என ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடமாவது நீரை ஓடவிட்டு உள்ளே பார்த்த பின்பே அடுத்த இடத்துக்கு ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளையும் ஒருசேர நனைத்துவிடும். எது ஒழுகியது என்று பிரித்தறிய இயலாது. வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் உயரழுத்தக் குழாய் இச்சோதனைக்கு ஆகாது. நல்ல பீடிங்கையும் அது மடக்கி உள்ளே புகும்.

உள்ளிருந்து பார்ப்பவர் பின்னிருக்கையை மடித்து, பயணியர் பகுதியிலிருந்து கைவிளக்கால் பார்ப்பது நன்று. டிக்கிக்குள் ஆளைப் படுக்கவைத்து மூடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உள்ளிருந்து திறக்க வழியில்லாத வண்டிகளில் இது ஆபத்தானது. சிறுவர்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

ஐயத்துக்குரிய ஓர் இணைப்பு கிடைத்ததும் அதன்மேல் மறைப்பு நாடாவை ஒட்டி மீண்டும் நீர்விட வேண்டும். கசிவு நின்றால் வாயில் உறுதியாயிற்று. நிற்காவிடில் இன்னொரு வாயிலும் உள்ளது. பீடிங்கின் இறுக்கத்தை அறிய, ஒரு தாள் துண்டை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். சுற்றிலும் ஒரே அளவான பிடிப்பு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடமே குறையுள்ள இடம்.

நீரே இல்லாத சோதனையும் உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டால் வண்டிக்குள் காற்றழுத்தம் சிறிது உயரும். வெளியே இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழிகள் எழும். மிதிவண்டி டியூபில் பஞ்சர் பார்ப்பதும் இதே முறைதான்.

சரிசெய்தல்

ஸ்பாய்லர் துளையே வாயில் என உறுதியான பின், அதைக் கழற்றாமல் விளிம்பைச் சுற்றிப் பசை பூசுவது பரவலாகக் காணப்படும் குறுக்குவழி. பசை ஓரிடத்தில் விரிசலுற்றதும் அதன் வழியே புகும் நீர் வெளியேற வழியின்றி ஸ்பாய்லருக்கு அடியிலேயே நின்று துளைகளுக்குள் இறங்கும். முன்பு மழையில் மட்டும் ஒழுகிய வண்டி பின்பு மழை விட்டும் ஒழுகும்.

முறையான வழி, உட்புற நட்டுகளையும் மின்னிணைப்பையும் கழற்றி ஸ்பாய்லரை எடுப்பதே. நாடாவாலும் ஒட்டியிருந்தால், முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம்போல் இழுத்து அறுக்கலாம். இரும்புத் தகட்டால் நெம்பினால் வண்ணம் பெயரும். துளையின் விளிம்பிலுள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்பு முதற்பூச்சும் மேல்வண்ணமும் தொட்டு, அவை நன்கு காய்ந்த பின்பே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தண்டின் அடியிலும் புதிய ரப்பர் வாஷரோ, பியூட்டைல் நாடாவால் உருட்டிய வளையமோ வைக்கப்படும். பியூட்டைல் இறுகிப்போகாமல் குழைவாகவே இருப்பதால், மேலே கூறிய அன்றாட அசைவைத் தாங்கவல்லது. சிலிக்கோன் பசை பயன்படுத்துவதாயின் அதன் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். காயும்போது வினிகர் நெடி வீசும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அது வெறும் இரும்பில் துருவைத் தூண்டும். நடுநிலை வகை சிலிக்கோனும் பாலியூரித்தேன் அடைப்புப் பசையும் தகட்டுக்கு ஏற்றவை. வீட்டு நீர்க்குழாய்க்குப் பயன்படும் இருபகுதி எப்பாக்சிக் களிம்பு கல்லாக இறுகுவதால் அசையும் இணைப்பில் நிலைக்காது.

நட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியேறும். மெல்லிய தகடு குழிந்து, அக்குழியிலேயே நீர் நிற்கும். கம்பித் துளையின் ரப்பர் வளையத்தைச் சரியாக அமர்த்தி, அதற்கு முன் மின்கம்பியைச் சற்றுத் தொங்கலாக விடுவது நன்று. கம்பியை ஒட்டி வரும் நீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். பசைக்குரிய காயும் நேரம், பெரும்பாலும் ஒரு நாள், கடந்த பின்பே மீண்டும் நீர்ச்சோதனை செய்யலாம்.

மூடியின் கீழ்விளிம்பிலுள்ள சிறு துளைகளை ஓட்டைகள் என எண்ணி அடைத்துவிடக் கூடாது. அவை உட்புகுந்த நீரும் உள்ளே குளிர்ந்து படியும் ஈரமும் வெளியேறுவதற்காக இடப்பட்டவை.

இறுகிய பீடிங்கை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. பீடிங் நல்ல நிலையில் இருந்தும் தாள் வழுக்கினால், மூடியின் ஓரங்களிலுள்ள ரப்பர்க் குமிழ்களின் உயரத்தையும் பூட்டுக் கொக்கியின் இடத்தையும் சரிசெய்து மூடியை இறுக்கலாம். பின்விளக்கைக் கழற்றினால் நுரைச் சட்டத்தைப் புதிதாக இடுவதே முறை.

புகை என்னும் மறைமுக ஆபத்து

துருவும் பூஞ்சை நாற்றமும் பழுதான மின்னிணைப்புகளும் இக்கசிவின் கண்கூடான விளைவுகள். எரிவாயு உருளை டிக்கியில் உள்ள வண்டிகளில் உருளையின் தாங்கிகளும் துருப்பிடிக்கும். இவற்றைவிடக் கவனத்திற்குரியது வேறொன்று: நீர் நுழையும் இடைவெளியில் புகையும் நுழையும்.

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. ஹேட்ச்பேக் வண்டிகளின் பின்கண்ணாடி விரைவில் அழுக்கடைவதும் அதனாலேயே. புகைபோக்கியிலிருந்து வெளிவரும் வளிமங்கள் அச்சுழலில் சிக்கி டிக்கி விளிம்பு வரை வருகின்றன. அவற்றிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ அற்றது. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவது. டிக்கிக்கும் பயணியர் பகுதிக்கும் இடையே இருக்கையின் பின்பலகை மட்டுமே உள்ளதால், பீடிங் பழுதடைந்த வண்டியில், குறிப்பாகப் புகைபோக்கியிலும் ஓட்டை இருந்தால், பின்னிருக்கையினருக்குத் தலைவலியும் குமட்டலும் ஏற்படலாம்.

தாமிரபரணிக் கரையூர்களில் வாழைத்தாரை ஏற்றி, மூட முடியாத டிக்கியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு செல்லும் மகிழுந்துகளைக் காணலாம். கண்ணாடிகளை ஏற்றிக் குளிர்சாதனத்தை உட்காற்றுச் சுழற்சியில் வைத்து இவ்வாறு செல்வது மிகத் தீங்கானது. தவிர்க்க இயலாதபோது முன்கண்ணாடிகளை இறக்கி, வெளிக்காற்று உள்ளே வரும்படி புளோயரை ஓடவிட வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதி உள்ளிட்ட இடங்களில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் டிக்கிக்குள் நீர் இருப்பதைக் கசிவாகக் கருதிப் பீடிங்கை மாற்றுவது பயனற்றது. அந்நீர் அடித்தட்டின் வடிகட்டைகள், காற்றுத் துவாரங்கள் வழியாகக் கீழிருந்து ஏறியது.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. கசிவு நீர் மேலிருந்து கீழாகக் கோடுகளை விட்டுச்செல்லும். வெள்ளநீர் உட்புறம் முழுவதும் ஒரே மட்டத்தில் வண்டல் கோட்டை விட்டுச்செல்லும். வெள்ளம் புகுந்த டிக்கியில் ஸ்டெப்னிக் குழியின் ரப்பர் அடைப்பை எடுத்து நீரை வடித்து, வண்டலை நன்னீரால் கழுவி, நுரை மெத்தையை வெளியே எடுத்துக் காயவைத்து, மின்னிணைப்புகளைத் திறந்து உலர்த்த வேண்டும். அடைப்பை மீண்டும் பொருத்த மறந்தால் அடுத்த மழையில் சாலைநீர் அதே வழியாக ஏறும்.

மோட்டார் வாகனக் காப்பீட்டில் சொந்தச் சேதத்துக்கான பிரிவு உள்ள ஆவணங்கள் வெள்ளச் சேதத்தைப் பொதுவாக உள்ளடக்குகின்றன; தேய்மானத்தால் வரும் கசிவு அதில் சேராது. ஆகவே வண்டல் கோட்டைக் கழுவுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்துவைப்பது உதவும். பழைய வண்டி வாங்குபவர்களும் இக்கோட்டைத் தேட வேண்டும். தரைவிரிப்பு புதிதாக மாற்றப்பட்டிருந்தாலும், ஸ்டெப்னியை இறுக்கும் திருகின் மரைகளிலும் பின்விளக்குகளுக்குப் பின்னுள்ள தகட்டு மடிப்புகளிலும் ஆற்று வண்டல் படிந்தே இருக்கும்.